மீன் கம்பெனியின் பழைய கணக்கு மென்பொருள்: ஓட்டுவதா, மாற்றுவதா, எழுதுவதா?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் பாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிய நிரலில் இன்னும் படகுக் கணக்கு பார்க்கும் கம்பெனிகளுக்கு நெருக்கடி கணினி வழியாகத்தான் வரும். உப்புக்காற்றில் மதர்போர்டு அரித்துப் பழைய கணினி நின்றால், புதியது விண்டோஸ் 11-உடன் வரும். அதில் 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் மட்டுமே என்பதால் டாஸ் நிரல் நேரடியாகத் திறக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. முன்னால் இருப்பவை மூன்று வழிகள்.

மெய்நிகர் கணினியில் ஓட்டுவது

செலவு குறைவு. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, நிரல் இருக்கும் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்தால் கணக்கு திறந்துவிடும். இன்டர்நெட்டை மட்டும் கண்டிப்பாகத் துண்டிக்க வேண்டும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. பில் அடிப்பதில் இழுபறி இருக்கும். பழைய நிரல் அந்தக்காலப் பிரிண்டர் இணைப்பான எல்பிடி போர்ட்டைத் தேடும், புதிய கணினிகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. கரண்ட் போனால் பதிவுகளைத் தேடித்தரும் இண்டெக்ஸ் கோப்பு கெடும் தொல்லையும் அப்படியே தொடரும். மூச்சு விட இது போதும், குடியிருக்கப் போதாது.

டேலி போன்ற ஆயத்த கணக்கு மென்பொருள்

ஜிஎஸ்டி, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமான இ-இன்வாய்ஸ் எல்லாம் இதில் தயாராக இருக்கிறது. பிரைவேட் லிமிடெட் என்றால், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடம் 2023 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி வேண்டும். பழைய பாக்ஸ்புரோ நிரலில் அதை எதிர்பார்க்க முடியாது.

இடிப்பது படகு அட்வான்ஸில். சம்மாட்டிக்கு (படகு உரிமையாளருக்கு) கொடுத்த முன்பணம், டீசல், ஐஸ், கமிஷன் எல்லாவற்றையும் படகு கரைக்கு வரும்போதெல்லாம் கழித்து மீதியைக் கொடுக்க வேண்டும். ஆயத்த மென்பொருளில் இதை ஒரே பதிவாகப் போடுவது சிக்கல் என்பதால் படகுக்கு நாலைந்து வவுச்சர் ஆகிவிடலாம். ஏல நேரத்தில் கணக்குப்பிள்ளை அதற்கு உட்காரமாட்டார், நோட்டில் எழுதி வைப்பார். பிறகு நோட்டும் கணினியும் ஒத்துப்போகாது.

படகுக் கணக்கை மட்டும் புதிதாக எழுதுவது

பொதுக் கணக்கை டேலிக்கு விட்டு, படகுக் கணக்கை போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் தனியாக எழுதுவதே எங்கள் பரிந்துரை. கழிவையும் வரவையும் ஒரே பரிவர்த்தனையாக எழுதினால், பாதியில் கரண்ட் போனாலும் தரவுத்தளம் அந்தப் பாதிப் பதிவைத் தானே ரத்து செய்துவிடும். கழிவு ஏறி வரவு ஏறாத நிலை வராது. சர்வர் அலுவலகத்திலேயே இருக்கட்டும், இரவில் ஒரு நகல் கிளவுடுக்குப் போகட்டும். முழுவதும் கிளவுடில் வைத்தால், இணையம் அறுந்த ஏலத்தன்று கையைப் பிசைய வேண்டியதுதான்.

சறுக்கும் இடம் தரவு மாற்றம். பாக்ஸ்புரோ தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பில் ஒரு பதிவை நீக்கினால் அது அழிவதில்லை, அடையாளம் மட்டுமே விழும். அதை வடிகட்டாமல் ஏற்றினால், எப்போதோ ரத்தான அட்வான்ஸ் சம்மாட்டி பெயரில் உயிரோடு எழும். அடுத்தது எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்களை, இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும்போது பெயர்ப் பத்தியை மட்டும் மாற்றுங்கள். படகு எண் பத்தியும் சேர்ந்தால் அதிலுள்ள 'எம்எம்' என்ற ஆங்கில எழுத்துகள் 'ஆஆ' ஆகிவிடும். கடைசியில் ஒவ்வொரு படகின் அட்வான்ஸ் பாக்கியையும் பழையது, புதியது இரண்டிலும் அச்செடுத்து ஒப்பிடுங்கள். மொத்தத் தொகை மட்டும் ஒத்தால் போதாது. இரண்டு படகின் பாக்கி இடம் மாறியிருந்தாலும் மொத்தம் ஒத்துத்தான் போகும்.

மாற்றத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம் தோது. விசைப்படகுகள் கட்டிக் கிடந்தாலும் நாட்டுப்படகு மீன் வரும். அந்தச் சொற்பப் பதிவுகளை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். படகுகள் மறுபடி கடலுக்குப் போகும் முன் பழைய நிரலில் பதிவை நிறுத்தி, மெய்நிகர் கணினியில் பார்வைக்கு மட்டும் வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகள் கைவசம் இருக்க வேண்டும்.