பால்வாடியா, மாண்டிசோரியா, பெரிய பள்ளியா?

மகளுக்கு ஜூனில் மூன்று வயது முடிந்தது. சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முன்பே எல்லா இடமும் நிரம்பிவிடும் என்று ஆபீஸில் பயமுறுத்தியதால், மார்ச்சிலேயே நானும் மனைவியும் மதுரைப் பழங்காநத்தத்தைச் சுற்றி அலைய ஆரம்பித்துவிட்டோம். கழித்தது போக மிஞ்சியது மூன்று: தெரு முனைப் பால்வாடி, எல்லீஸ் நகர்ப் பக்கம் பிள்ளைகள் தாங்களே செய்து பழகும் மாண்டிசோரி முறைப் பள்ளி ஒன்று, ரிங் ரோட்டில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியின் ப்ரீகேஜி.

பெரிய பள்ளியை முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு 55,000, வேனுக்குத் தனி. பணத்தைவிட உறுத்தியது வேன் நேரம்தான். காலை 7.40க்கு முனையில் நிற்க வேண்டும். திரும்பி வர ஒன்றேகால். வகுப்பு மூன்று மணி நேரம், பயணம் இரண்டரை மணி நேரம்! இப்போதே நுழைந்துவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பு வரை கவலை இல்லை என்பார்கள். அது நியாயமான லாபம்தான். ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தை நம்பியிருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். நம் ஊரில் அது எல்கேஜியிலோ ஒன்றாம் வகுப்பிலோதான் தொடங்குகிறது, ப்ரீகேஜிக்குக் கட்டிய பணம் அதில் சேராது.

மாண்டிசோரியில் எனக்கு மனம் கொஞ்சம் சாய்ந்தது. நாங்கள் போனபோது ஒரு பையன் சின்ன ஜாடியிலிருந்து இன்னொன்றுக்குத் துவரம்பருப்பை ஊற்றிக்கொண்டிருந்தான். பாதி தரையில். யாரும் அதட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஊற்றினான். பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறையை உண்டாக்கிய மரியா மாண்டிசோரி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் கொடைக்கானலில்தான் கொஞ்ச காலம் இருந்தார். ஒரு எச்சரிக்கை: அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து இருக்கிறார்களா, சாமான்கள் பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறொரு 'மாண்டிசோரி'யில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து நாலு கோடு நோட்டில் ஏ, பி, சி எழுதிக்கொண்டிருந்தார்கள். அதுவும் மாடியில், ஒரே படிக்கட்டு. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் மாடியில் சின்னப் பிள்ளைகளை வைப்பவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

கழிவறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஓர் இடத்தில் பெரியவர்களுக்கான வெஸ்டர்ன் மட்டும்தான் இருந்தது. உட்கார வைத்தால் என் மகளுக்குக் கால் தரையில் எட்டவில்லை, விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழைத்துப்போக ஆயா யார் என்று கேட்டால், 'மிஸ்ஸே பார்த்துக்குவாங்க' என்றார்கள். இருபது பிள்ளைக்கு ஒரே மிஸ்.

இனி பால்வாடி. 1975இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையம் இது. பெயர் அங்கன்வாடி என்றாலும் நம் வாயில் பால்வாடிதான். ஒரே அறை, பாய், சுவரில் பழம், காய்ப் படங்கள். ஃபீஸ் கிடையாது. மாதாமாதம் எடை போட்டு எழுதுகிறார்கள், மதியம் சூடான சாப்பாடு, முட்டை. வீட்டில் ஊட்டினாலும் துப்புகிற என் மகள், முதல் வாரமே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தானே பிசைந்து சாப்பிட்டாள். (காலையில் வீட்டில் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். 2022 செப்டம்பரில் நம் சிம்மக்கல் பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான்.)

குறை இல்லாமல் இல்லை. அந்த டீச்சரம்மா ஒருவரே கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும், கணக்கெடுப்புக்கு அலைய வேண்டும், ரிஜிஸ்டர் எழுத வேண்டும். அந்த நாட்களில் பாட்டும் இல்லை, கதையும் இல்லை. ஆயாம்மா பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். இங்கிலீஷும் எதிர்பார்க்க முடியாது. மூன்று வயதில் எனக்கு அது குறையாகப் படவில்லை, மனைவிக்குப் பட்டது.

முடிவைத் தீர்மானித்தது தூரம். பால்வாடிக்கு வீட்டிலிருந்து நூறு அடிதான். பிள்ளையைக் கூட்டி வருவது எழுபதைத் தாண்டிய அப்பத்தா, அதாவது என் அம்மா. காய்ச்சல் என்றால் ஐந்து நிமிஷத்தில் வீட்டில் இருப்பாள். எனவே இந்த வருஷம் பால்வாடி. வேலைக்குப் போகும் தம்பதி, வீட்டில் பெரியவர்கள் இல்லை என்றால் கணக்கே வேறு; அவர்கள் மாலை வரை வைத்துக்கொள்ளும் இடத்தைத்தான் தேட வேண்டும்.

அடுத்த ஜூனில் மாண்டிசோரிக்கு மாற்றலாமா என்று இப்போதே பேச்சு ஓடுகிறது. பருப்பு ஊற்றுவது, கலப்பு வயது எல்லாவற்றையும் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அதெல்லாம் சரிடா, அங்க முட்டை போடுவாங்களா?' என்றார்.