பேஷ் ஸ்கிரிப்டில் மாறியின் மதிப்பு எங்கே தொலைகிறது?

கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பேஷை வருடக்கணக்கில் புழங்கினால் ஒன்று புரியும். மாறி காலியாக வந்தால் எல்லோரும் ஸ்கோப்பைத்தான் (மாறி எதுவரை தெரியும் என்ற எல்லையை) குறை சொல்வார்கள். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்த வரி எந்த பிராசஸில் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலில்) ஓடியது? எந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

அடிக்கடி கவிழ்க்கும் இடம் பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் | குறி. வரிகளைத் தேடித் தரும் கிரெப் கட்டளையின் வெளியீட்டைப் பைப் வழியே, வரி வரியாகப் படிக்கும் வைல்-ரீட் லூப்புக்கு அனுப்பி, உள்ளே ஓர் எண்ணியைக் கூட்டிக்கொண்டே போனால், எக்கோ 1, 2, 3 என்று ஒழுங்காகக் காட்டும். லூப்பை முடிக்கும் 'டன்' தாண்டியதும் பழைய 0. பைப்பின் ஒவ்வொரு துண்டையும் பேஷ் தனி சப்ஷெல்லில் (ஷெல்லின் நகலான பிள்ளை பிராசஸில்) ஓட்டுகிறது. அது முடியும்போது எண்ணியும் அதோடு போய்விடும். சந்தேகம் இருந்தால் லூப்புக்கு வெளியிலும் உள்ளேயும் நடப்பு பிராசஸின் எண்ணைத் தரும் பேஷ்பிஐடி மாறியை அச்சிட்டுப் பாருங்கள், எண் மாறும். $$ இதற்கு உதவாது. சப்ஷெல்லுக்குள்ளும் அது தாய் ஷெல்லின் எண்ணையே தரும்.

லூப்பை பைப்பிலிருந்து எடுத்துவிட்டு, 'டன்' பக்கத்தில் பிராசஸ் சப்ஸ்டிட்யூஷன் மூலம், அதாவது < <(கட்டளை) என்று எழுதி, உள்ளீடு கொடுத்தால் சரியாகிவிடும். டேஷ் என்ற சிறிய ஷெல்லில் இது கிடையாது. டெபியன், உபுண்டு லினக்ஸில் எஸ்எச் (sh) என்ற கட்டளை டேஷ்தான், ஆகவே முதல் வரியில் பேஷ் என்றே இருக்கட்டும். பேஷ் 4.2 பதிப்பில் வந்த லாஸ்ட்பைப் இன்னொரு வழி; பைப்பின் கடைசித் துண்டை நடப்பு ஷெல்லிலேயே ஓட்டும் அமைப்பு அது. ஜாப் கன்ட்ரோல் (கட்டளைகளை நிறுத்தி, பின்னணிக்கு அனுப்பும் வசதி; டெர்மினலில் இயல்பாக ஓடும், ஸ்கிரிப்டில் ஓடாது) அணைந்திருந்தால்தான் அது வேலை செய்யும். ஸ்கிரிப்டில் சரியாக ஓடுவது டெர்மினலில் சோதித்தால் சொதப்புவது அதனால்தான். மேக்கோடு வரும் 3.2 பதிப்பில் லாஸ்ட்பைப்பே இல்லை.

டாலர்-அடைப்புக்குறிக்குள், அதாவது $( ) உள்ளே, ஃபங்ஷனை அழைத்தாலும் இதே கதை. வெளியீடு வரும், உள்ளே மாற்றிய மாறிகள் வராது.

இனி ஃபங்ஷன். லோக்கல் என்று எழுதாவிட்டால் எல்லாமே குளோபல். 0 முதல் 4 வரை 'ஐ' வைத்து சி பாணி ஃபார் லூப். உள்ளே அழைக்கும் ஃபங்ஷனும் அதே 'ஐ'யை 0 முதல் 2 வரை ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபங்ஷன் முடியும்போது 'ஐ' 3, கூட்டினால் 4, ஐந்தைவிடக் குறைவு, மறுபடி ஃபங்ஷன், மறுபடி 3. இந்த லூப் நிற்கவே நிற்காது. ஃபங்ஷனுக்குள் லோக்கல் ஐ என்ற ஒற்றை வரி போதும்.

லோக்கலும் முழுப் பாதுகாப்பு தராது. பேஷில் இருப்பது டைனமிக் ஸ்கோப். அழைத்த ஃபங்ஷனின் லோக்கல் மாறியை அழைக்கப்பட்டது பார்க்கும், மாற்றவும் செய்யும். பைதான் பழகியவர்களுக்கு இது எரிச்சலூட்டும்.

லோக்கல் அறிவிப்பையும் கட்டளை வெளியீட்டையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். கட்டளை தோற்றாலும் லோக்கல் 0 திருப்பும், பிழை வந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும் செட் -இ அதைக் கண்டுகொள்ளாது. அறிவிப்பு ஒரு வரி, மதிப்பு அடுத்த வரி. ஸ்கிரிப்டில் பிழை தேடும் கருவியான ஷெல்செக் இதை எஸ்சி2155 என்று எச்சரிக்கும்.

எக்ஸ்போர்ட் ஒருவழிப் பாதை: பிள்ளை பிராசஸுக்கு நகல் போகும், திரும்ப எதுவும் வராது. மாற்றம் இங்கேயே நிற்க வேண்டுமென்றால் அந்த ஸ்கிரிப்டை சோர்ஸ் கட்டளையால் நடப்பு ஷெல்லிலேயே ஓட்டுங்கள்.

தேடும்போது எக்கோவை நம்ப வேண்டாம். காலி மதிப்பும் இல்லாத மாறியும் அதில் ஒரே வெற்று வரி. டிக்ளேர் -பி இரண்டையும் பிரித்துக் காட்டும், எக்ஸ்போர்ட் ஆகியிருந்தால் அதையும் சொல்லும்.