ராஜா இல்லாத சீட்டுக்கட்டு: 1862 யூனியன் கட்டின் மறுபதிப்பு

போர்க்காலச் சீட்டுக்கட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862-இல் நியூயார்க்கின் அமெரிக்கன் கார்டு கம்பெனி போட்ட யூனியன் (போரில் வடக்கு மாநிலங்களின் தரப்பு) சீட்டுக்கட்டு, அதன் மறுபதிப்பு.

ஆட்டின், டைமண்ட், கிளாவர், இஸ்பேட் எதுவும் இதில் கிடையாது. கழுகு, கேடயம், நட்சத்திரம், கொடி என்று நான்கு சின்னங்கள். ராஜா இருக்கும் இடத்தில் கர்னல், ராணிக்குப் பதில் சுதந்திர தேவி, ஜாக்கிக்குப் பதில் மேஜர். அயல்நாட்டுச் சின்னங்கள் போதும், நம் சின்னங்களோடு ஆடுங்கள் என்றுதான் அன்று விளம்பரமும் செய்தார்கள். மன்னராட்சியை உதறிப் பிறந்த நாடு, அது உடைந்துவிடக் கூடாது என்று வடக்கு மாநிலத்துப் பையன்கள் செத்துக்கொண்டிருந்த நேரம், அவர்கள் முகாமில் பொழுதுபோக்க எடுக்கும் சீட்டில் மட்டும் ஏன் ராஜா ராணி இருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. 1793-இல் புரட்சிப் பிரான்சும் இதையே செய்தது, அங்கேயும் ராணியின் இடத்துக்குச் சுதந்திரம்தான் வந்தது.

சீட்டின் முதுகில் கொடியை அச்சடித்துத் தேசபக்தி என்று விற்பவர்கள் எல்லாப் போரிலும் உண்டு. இந்தக் கட்டில் சின்னங்களே மாறியிருக்கின்றன, ஆட்ட விதி ஒன்றுகூட மாறவில்லை, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, ஆட முடியுமா? ரம்மிக்குச் சிரமம். மூலையில் எண்ணும் எழுத்தும் போடும் வழக்கம் அமெரிக்காவில் 1870-களில்தான் பரவியது, அதனால் 13 சீட்டையும் நன்றாக விரித்துப் பிடித்து நட்சத்திரங்களை எண்ண வேண்டியிருக்கிறது, அப்புறம் படச்சீட்டுகளில் உருவம் முழு ஆளாக ஒரே பக்கம் நிற்பதால் தலைகீழாக வந்ததைத் திருப்பினால் போதும், உங்களிடம் படம் இருப்பது எதிராளிக்குத் தெரிந்துவிடும். 304 என்ற ஆட்டத்துக்குக் கையில் எட்டுச் சீட்டுதான், தாராளமாக ஆடலாம். அதில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, அதனால் மேஜர்தான் எல்லோருக்கும் மேல், கர்னல் பத்துக்கும் கீழே போய்விடுகிறார்!

எனக்கு வந்த பதிப்பில் தாள் வழவழப்பு அதிகம், கலைக்கும்போது நழுவுகிறது. அச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ரம்மி ஆடுகிறவர்கள் வழக்கமான கட்டையே வைத்துக்கொள்ளுங்கள், வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பருக்குப் பரிசு தேடுகிறீர்களென்றால் யோசிக்காமல் வாங்கலாம்.