லிஸ்பனில் கேட்காமல் மேஜைக்கு வருவதைத் தொடாதீர்கள்: ஒரு எச்சரிக்கை

லிஸ்பன் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ருவா அகுஸ்தா என்கிற அந்தப் பெரிய நடைவீதியிலும் அதன் பக்கத்துத் தெருக்களிலும், வாசலில் ஆள் நின்று மெனு அட்டையைக் காட்டிக் கூப்பிடுகிற உணவகத்தில் உட்காராதீர்கள். அந்தப் பகுதியில் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே என் அம்மாவையும் என்னையும் உட்காரவைத்து 132 யூரோவுக்குப் பில் போட்டார்கள். எப்படிப் போட்டார்கள் என்பதை ஒவ்வொரு வரியாகச் சொல்கிறேன்.

வாசல் பலகையில் கரியில் சுட்ட மீன் 12.50 யூரோ என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு மீன் என்றால் போதும், அதை நம்பித்தான் உள்ளே போனோம். உட்கார்ந்த உடனே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் வந்தது. கூடவே ஒரு தட்டில் பாலாடைக்கட்டியும் பன்றி இறைச்சித் துண்டுகளும். எதையும் நாங்கள் கேட்கவில்லை. அப்புறம் பரிமாறுபவர் பச்சை மீன்கள் அடுக்கிய ஒரு தட்டைக் கொண்டுவந்து, "பலகையில் இருப்பது சாதாரண மீன், இன்றைக்குக் காலையில் வந்தது இது" என்று ஒரு ரோபாலு மீனைக் காட்டினார். நம் ஊர்க் கொடுவா மாதிரி இருக்கும். விலை கேட்டேன். "கிலோ கணக்கு, பார்த்துப் போடுகிறோம், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே தட்டோடு நகர்ந்துவிட்டார். எங்கள் கண் முன்னால் எடை போடவே இல்லை.

பில்லில் மீன் 1.4 கிலோ, கிலோ 65 யூரோ, ஆக 91 யூரோ. ரொட்டிக்கும் ஆலிவுக்கும் ஆளுக்கு 4.50. தொடாத பாலாடைக்கட்டித் தட்டுக்கு 12. இரண்டு தண்ணீர் பாட்டிலுக்கு 8. எல்லாவற்றுக்கும் மேல் பத்து சதவீதம் சேவைக் கட்டணம், 12 யூரோ. அம்மா தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர், மீனைப் பார்த்தே எடை சொல்வார். தட்டில் மிச்சமிருந்த தலையையும் முள்ளையும் பார்த்துவிட்டு, "என்னப்பா, இது முக்கால் கிலோகூடத் தேறாதே" என்றார். அதைச் சொன்னால், சுடும்போது எடை குறையும் என்று பதில் வந்தது. சுட்டால் எந்த மீன் பாதியாகக் குறையும்?

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். போர்ச்சுகலில் சட்டம் சாப்பிடுகிறவர் பக்கம் இருக்கிறது. உட்கார்ந்ததும் வைக்கிற ரொட்டி, ஆலிவ் வகையறாவுக்கு அங்கே கூவேர் என்று பெயர். அது அந்த நாட்டு வழக்கம், நல்ல கடைகளிலும் வைப்பார்கள், பெரும்பாலும் இலவசம் கிடையாது. ஆனால் வாடிக்கையாளர் கேட்காத, தொடாத எதற்கும், கூவேர் உட்பட, காசு வாங்கக்கூடாது என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விலைப்பட்டியலை நுழைவாயில் பக்கமே வைக்க வேண்டும், கூவேருக்கு விலை இருந்தால் அதுவும் அதில் இருக்க வேண்டும். விற்பனை வரி விலைக்குள்ளேயே அடக்கம், தனியாகச் சேர்க்க முடியாது. டிப்ஸ் கொடுப்பது முழுக்க நம் விருப்பம். பில்லில் அச்சடித்திருந்தாலும் கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம்.

இதில் எதுவும் எடுபடாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "லீவ்ரு த ரெக்லமசோய்ஷ்". புகார்ப் புத்தகம். அந்த நாட்டில் ஒவ்வொரு உணவகமும் இதை வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், இருக்கிறது என்கிற அறிவிப்பும் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். நாம் எழுதுகிற பக்கம் மூன்று படிகளாகப் பதியும். ஒன்று நமக்கு, ஒன்று புத்தகத்திலேயே இருக்கும், மூலப்படியைக் கடைக்காரரே அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். உணவகங்கள் விஷயத்தில் அது அசாய் என்கிற உணவுப் பாதுகாப்பு அமைப்புக்குப் போகும். புத்தகத்தைத் தர மறுத்தால் போலீஸைக் கூப்பிடலாம், அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

அந்தப் புகார்ப் புத்தகத்தின் பெயரை நான் சொன்னதும் பரிமாறுபவரின் முகமே மாறியது. உள்ளேயிருந்து மேலாளர் வந்தார். பாலாடைக்கட்டியும் சேவைக் கட்டணமும் போய் 108 யூரோ ஆனது. ரொட்டியையும் ஆலிவையும் தின்றோம், அதற்குக் கொடுத்தது சரிதான். மீனுக்கு மட்டும் கடைசி வரை இறங்கி வரவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, புத்தகத்தை வாங்கி மீன் எடை போட்ட கதையை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் படியைக் கிழித்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன். நேரமில்லாதவர்கள் இதே புகாரை இணையத்திலும் போடலாம், பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிலோ கணக்கில் விற்பதே மோசடி இல்லை. நண்டு, இறால், சிப்பி விற்கிற மரிஸ்கெய்ரா கடைகளில் அதுதான் நடைமுறை. ஒழுங்கான கடையில் கிலோ விலை மெனுவில் இருக்கும், கேட்டால் கண் முன்னால் எடை போட்டு மொத்தம் எவ்வளவு என்றும் சொல்லிவிடுவார்கள். சொல்லத் தயங்கினால் எழுந்துவிடுங்கள். ஆலிவ் தட்டு வந்துவிட்டதே என்று சங்கடப்பட வேண்டாம்.

சரி, நல்ல சாப்பாடு எங்கே? அலையவே வேண்டாம். எல்லாரும் படம் எடுக்க ஏறுகிற 28-ஆம் எண் டிராமில் மேற்குப் பக்கக் கடைசி நிறுத்தம் வரை போனால் காம்ப்பு த ஒரீக் என்கிற குடியிருப்புப் பகுதி வரும். அங்கே தாஷ்கா என்று சொல்கிற சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. மேஜையில் காகித விரிப்பு, கண்ணாடிக் கதவில் கையால் எழுதி ஒட்டிய அன்றைய சாப்பாட்டுப் பட்டியல், மத்தியானம் ஒரு மணிக்கு அக்கம்பக்கத்து அலுவலக ஆட்களின் கூட்டம். படம் போட்ட மெனு கிடையாது, வாசலில் கூப்பிட ஆளும் கிடையாது. அங்கே அம்மா சாப்பிட்டது பக்கல்யாவு அ ப்ராஷ்: உப்புக் கண்டமான காட் மீனைப் பிய்த்துப் போட்டு, மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல், வெங்காயம், முட்டை சேர்த்துக் கிளறியது. கருவாட்டுப் பொடிமாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார். மெய்யா தோஸ் என்று கேட்டால் அரை அளவு தருவார்கள், ஒருவருக்கு அதுவே தாராளம். இரண்டு பேருக்கும் சாப்பாடு, தண்ணீர், காபி எல்லாம் சேர்த்து முப்பது யூரோவைத் தாண்டவில்லை.

கிராசா, அல்வலாடி, அர்ரோயுஷ் பகுதிகளிலும் இப்படிப்பட்ட கடைகள் உண்டு. பெரும்பாலானவை ஞாயிறு மூடியிருக்கும். சுட்ட மத்தி மீன் கோடையில்தான் ருசி. ஜூன் 12-ஆம் தேதி ராத்திரி, புனித அந்தோணியார் திருவிழாவுக்கு, அல்ஃபாமா என்கிற பழைய பகுதியின் தெருக்களிலேயே அடுப்பு வைத்துச் சுடுவார்கள். குளிர்காலத்தில் புதிய மத்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கால்து வெர்த் என்கிற கீரை சூப்பில்கூட ஷொரீசு என்கிற பன்றித் தொத்திறைச்சி மிதக்கும் என்பதை நினைவில் வைத்து, முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இணைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எங்களை ஏமாற்றிய கடைக்கு நல்ல மதிப்பெண்தான் இருந்தது. ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைத் தனியே எடுத்துப் படித்தபோதுதான், மீன் எடை, பாலாடைக்கட்டித் தட்டு என்று அதே கதை வரிசையாகக் கிடந்தது.

ஃபாது என்கிற போர்ச்சுகீசியப் பாட்டைக் கேட்டுக்கொண்டே சாப்பிடும் இடங்களில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வைத்திருப்பார்கள், உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை இயந்திரம் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், ரூபாய்க்கு அவர்கள் போடும் மாற்று விலையில் நமக்குத்தான் நட்டம். சின்ன தாஷ்காக்கள் சிலவற்றில் வெளிநாட்டு அட்டை செல்லாது, கையில் நாற்பது ஐம்பது யூரோ ரொக்கம் இருக்கட்டும்.