பண நிர்வாகம் கற்க எந்தத் தளம்? ஓர் ஒப்பீடு

பண நிர்வாகத்தைச் சொல்லித்தரும் தளங்களுக்கு இணையத்தில் பஞ்சமில்லை. திகட்டும் அளவுக்கு இருப்பதுதான் தொல்லை. ஒரு தளத்தை எடைபோட நான் இரண்டு கேள்விகளை வைத்திருக்கிறேன். அதற்குப் படியளப்பது யார்? நம் சொந்தக் கணக்கை அங்கே போட்டுப் பார்க்க முடியுமா?

முதலில் கண்ணில் படுபவை கான் அகாடமியும் இன்வெஸ்டோபீடியாவும். கான் அகாடமி நன்கொடையில் நடக்கும் லாப நோக்கற்ற அமைப்பு. அதனால் எதையும் நம் தலையில் கட்டவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. வரவு செலவு, சேமிப்பு, கடன், காப்பீடு என்று வரிசையாகப் பாடம் நடத்தி, நடுநடுவே கேள்வியும் கேட்கிறது. வரியையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் பற்றிய பகுதிகள் அமெரிக்கச் சட்டத்தை ஒட்டியவை. மற்ற நாட்டவர் அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

1999-இல் தொடங்கிய இன்வெஸ்டோபீடியாவை அகராதியாகப் பயன்படுத்தினால் அதற்கு நிகரில்லை. கடன் ஒப்பந்தத்தில் ஒரு சொல் புரியவில்லையா, தேடிய இடத்தில் தெளிவான விளக்கம் கிடைக்கும். பாடமாகப் படிக்கப் போனால்தான் சிக்கல். கூட்டு வட்டியில் ஆரம்பித்தவர் இணைப்புகளைத் தொடர்ந்து போய் ஆப்ஷன் வர்த்தகத்தில் (பங்கைப் பேசிவைத்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமையை வாங்கி விற்பதில்) நிற்பார். பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம் வேறு. கற்பனைப் பணத்தில் பங்கு வாங்கி விற்கும் பயிற்சியும் அங்கே உண்டு. பொத்தான்கள் பழகும், சொந்தப் பணம் கரையும்போது வயிற்றில் புளியைக் கரைக்குமே, அது மட்டும் பழகாது.

என் ஓட்டு அரசுக் கண்காணிப்பு அமைப்புகள் நடத்தும் தளங்களுக்குத்தான். ஆஸ்திரேலியாவின் மணிஸ்மார்ட், அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் இன்வெஸ்டர் டாட் கவ் போன்றவை. வாசிக்கக் கொஞ்சம் வறட்சிதான். ஆனால் அவற்றில் உள்ள கடன், வட்டிக் கணிப்பான்கள் எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தும். மணிஸ்மார்ட்டின் கிரெடிட் கார்டு கணிப்பானையே எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பாக்கி, மாத வட்டி 3 சதவீதம் என்று வையுங்கள். மாதம் 3,500 கட்டினால் கடன் தீர 66 மாதங்கள் ஆகும். மொத்தம் சுமார் 2,30,000 கட்டியிருப்பீர்கள். அதையே 5,000 ஆக்கினால் 31 மாதங்களில் முடிந்துவிடும்; மொத்தம் 1,55,000. முதல் மாதத்தில் வட்டி மட்டுமே 3,000 என்பதால், 3,500-இல் அசலைத் தொடுவது வெறும் 500. 5,000 கட்டுபவருக்கோ 2,000 அசலில் கழிகிறது. கடனைச் சீக்கிரம் அடைத்துவிடுங்கள் என்று பத்துக் கட்டுரைகள் சொன்னாலும் உறைக்காதது, தன் பாக்கித் தொகையை கணிப்பானில் அடித்துப் பார்க்கும்போது உறைக்கும்.

பல்கலைக்கழக வகுப்புகளில் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. 2013-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ஷில்லர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய நிதிச் சந்தை வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அருமையானவை. ஆனால் காப்பீடும் பங்குச் சந்தையும் ஏன், எப்படி உருவாயின என்பதுதான் அங்கே பேச்சு. மாதக் கடைசியைச் சமாளிக்கும் வழி அல்ல. அதற்கு பிரிட்டனின் ஓப்பன் யூனிவர்சிட்டி இலவசமாகத் தரும் பண நிர்வாகப் பாடம் மேல். சட்ட விவரங்கள் அந்த நாட்டுக்கு உரியவை என்றாலும் குடும்ப வரவு செலவைப் பிரித்துப் பார்க்கும் முறை எங்கும் செல்லும். குறைந்த செலவில் குறியீட்டு நிதிகளில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிதிகளில்) முதலீடு செய்வதை மட்டும் படிக்க வேண்டுமானால், முதலீட்டாளர்களே சேர்ந்து எழுதும் போகிள்ஹெட்ஸ் விக்கி போதும்.

யூடியூபை ஒதுக்க முடியாது. தாய்மொழியில் கேட்டுப் புரிந்துகொள்ள அதைவிட்டால் பலருக்கு வேறு வழியில்லை. அங்கேதான் என் முதல் கேள்வி அதிகம் தேவைப்படுகிறது. நிதித் திட்டம் ஒன்றைச் சிபாரிசு செய்பவருக்கு அதிலிருந்தே கமிஷன் வருகிறதென்றால், அந்தச் செலவு கடைசியில் முதலீட்டாளர் தலையில்தான் விடியும். ஆண்டுக்கு 1 சதவீதம்தானே என்று தோன்றும். 7 சதவீதம் வளரவேண்டிய முதலீடு 6 சதவீதத்தில் வளர்ந்தால், 30 ஆண்டுகள் கழித்துக் கையில் இருக்கும் தொகையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருக்கும். ஆகவே வீடியோவின் கீழே கணக்குத் தொடங்கும் இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் விளக்கத்தைக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. இணைப்பை மட்டும் தொடாதீர்கள்.