டெபியன் ஸ்டேபிள்: இரண்டாம் முறை, இரண்டு வருடம் தாண்டி

2017-இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 9-ஆம் பதிப்பு வெளிவந்த கையோடு கணினியில் போட்டேன். நாலே மாதத்தில் தூக்கிவிட்டேன். 2023-இல் 12 வந்தபோது மறுபடி போட்டேன். இன்றுவரை அதே நிறுவல்தான், நடுவில் 13-க்கு ஏற்றிக்கொண்டதோடு சரி. முதல் முறை எரிச்சலூட்டியதும் இரண்டாம் முறை பிடித்துப்போனதும் ஒரே குணம்: அது லேசில் மாறாது.

அன்று எனக்கு எல்லாமே புதுசாக வேண்டும். டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிள் கிளையிலோ, வெளியாகும்போது இருந்த மென்பொருள் பதிப்புகளே பெரும்பாலும் அடுத்த வெளியீடு வரை, ஏறக்குறைய இரண்டு வருடம், அப்படியே நிற்கும். ஒரு வீடியோ பிளேயரின் புதுப் பதிப்புக்கு ஆசைப்பட்டு, மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் லிஸ்ட் கோப்பில், புதுசெல்லாம் முதலில் வந்து சேரும் நிலையற்ற 'சிட்' கிளையையும் சேர்த்தேன். பிளேயர் தனியாக வரவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சி நூலகத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. அதைப் பழைய பதிப்புக்கு இறக்கப் போனால், மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் ஒரு வாசகத்தை முழுதாக அடிக்கச் சொன்னது: 'எஸ், டூ ஆஸ் ஐ சே!' ஆச்சரியக்குறி உட்பட. வழக்கமாக 'ஒய்' என்ற ஒற்றை எழுத்தோடு விடுகிற ஆள் இன்றைக்கு ஏன் இவ்வளவு நீட்டிக் கேட்கிறது என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். அடித்தேன். அடுத்த முறை இயக்கியபோது கறுப்புத் திரையும் கர்சரும்தான். பழியை டெபியன் மேல் போட்டுவிட்டுக் கிளம்பினேன். (டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர்தான் சிட். இதைவிடத் தெளிவாக யாரும் எச்சரிக்க முடியாது.)

அப்புறம் ஆறு வருடம் வேறு இயங்குதளங்களில் ஓடியது. எல்லாம் புதுசு, எப்போதும் புதுசு. அவசர வேலைக்கு உட்காரும் நாளில்தான் மெனு இடம் மாறியிருக்கும்.

திரும்பி வந்தபோது முதலில் கவனித்தது, வைஃபை தானாக வேலை செய்தது. முன்பு பல லேப்டாப்களுக்கு ஃபர்ம்வேரை (வைஃபை போன்ற வன்பொருள் இயங்கத் தேவையான மென்பொருள்) தனியாகப் பெண்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டுதான் நிறுவ உட்கார வேண்டும். கட்டற்றதல்லாத, அதாவது யாரும் தாராளமாகப் பார்த்துத் திருத்த முடியாத ஃபர்ம்வேரையும் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கலாம் என்று 2022-இல் டெபியன்காரர்கள் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள். கொள்கைப் பிடிப்புள்ள சிலருக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்கு நிம்மதி.

'பழசு' என்று நான் திட்டிக்கொண்டிருந்தது உண்மையில் என்ன என்பது பதிப்பு எண்களின் வாலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. மென்பொருளின் எண் மாறாது. அதன் பின்னால் 'டெப்12யூ1', 'டெப்12யூ2' என்று வால் மட்டும் வளரும். புதுப் பதிப்பில் சரிசெய்த பாதுகாப்பு ஓட்டையை, யாரோ உட்கார்ந்து பழைய பதிப்பின் நிரலுக்கு ஏற்ப ஒட்டித் தருகிறார்கள். ஓட்டை அடைபடுகிறது, என் மெனு நகர்வதில்லை. அந்த வீடியோ பிளேயரை இப்போது, தேவையான நூலகங்களைத் தன்னோடே தனியாகக் கொண்டுவரும் பிளாட்பேக் வழியாகப் போட்டிருக்கிறேன். சி நூலகம் பக்கமே அது போவதில்லை.

2025 ஆகஸ்டில் 13 வந்தது. வெளியீட்டுக் குறிப்புகளை இந்த முறை படித்துவிட்டே தொடங்கினேன். படித்தது நல்லதாயிற்று: 'டெம்ப்' கோப்புறை இனி இயல்பாகவே ரேமில் இருக்கும், அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். பாதி எழுதியதை அங்கே போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு. ஏற்றம் நடக்கும்போது ஓர் அமைப்புக் கோப்பைக் காட்டி, உன்னுடையதை வைத்துக்கொள்ளட்டுமா, புதியதைப் போடட்டுமா என்று கேட்டது. 'டி' அடித்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். அடித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் நானே எழுதிய குறிப்பு வந்து நின்றது: 'இந்த வரியைத் தொடாதே, காரணம் பிறகு.' காரணம் இன்றைக்கும் நினைவில்லை. 'என்' அடித்து என்னுடையதையே வைத்துக்கொண்டேன்.

குறைகளும் உண்டு. 13-இல் 32-பிட் கணினிகளுக்கு நிறுவியும், இயங்குதளத்தின் மையமான கர்னலும் நின்றுவிட்டன. என் பழைய நெட்புக் 12-லேயே நிற்கிறது. புத்தம்புது கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவர்களுக்கு ஸ்டேபிளின் கர்னல் போதாமல் போகலாம், புதிய பதிப்புகளை ஸ்டேபிளுக்கு ஏற்றபடி தரும் பேக்போர்ட்ஸ் பக்கம் போக வேண்டியிருக்கும். தமிழ்99 தட்டச்சு, மொழி உள்ளீட்டுக் கருவியான ஐபஸ்ஸில் நன்றாகவே நடக்கிறது. ஆனால் கட்டளைகளை அடிக்க நான் புழங்கும் டெர்மினலில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கிறது. அதனால் கோப்புப் பெயர்களை இன்னும் ஆங்கிலத்தில்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.