டீ டைம் வாங்கித் தருகிறேன் என்றவரிடம் 200 டாலர் கொடுத்து ஏமாந்தேன்

நடந்தது சனிக்கிழமை. இன்று திங்கள். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். டீ டைம் என்றால் தேநீர் நேரம் இல்லை, கோல்ஃப் மைதானத்தில் ஆட்டம் தொடங்க முன்பதிவு செய்கிற நேரம். அதை வாங்கப் போய்ப் போனது 200 டாலர். என்ன செய்தால் தப்பிக்கலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். நீலகிரியில் எஸ்டேட் வேலை பார்த்தவர், ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் முப்பது வருஷம் ஆடியவர். இங்கே லாஸ் ஏஞ்சலஸில் அவர் பார்க்க ஆசைப்பட்டது ஹாலிவுட் இல்லை, ராஞ்சோ பார்க். பீக்கோ சாலையில், ஃபாக்ஸ் ஸ்டுடியோவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நகராட்சி கோல்ஃப் மைதானம். 1961ல் லாஸ் ஏஞ்சலஸ் ஓப்பன் போட்டி அங்கே நடந்தபோது, பந்தை ஐந்து முறை அடித்து முடிக்க வேண்டிய ஒரு குழியில், அந்தக் காலத்துப் பெரிய கோல்ஃப் வீரர் ஆர்னால்டு பால்மர் 12 எடுத்தார். நாலு பந்து எல்லைக்கு வெளியே போனது. அதற்கு ஒரு கல்வெட்டே வைத்திருக்கிறார்கள், பதினெட்டாவது குழியில். “அந்தக் கல்லு பக்கத்துல நின்னு ஒரு அடி அடிச்சா போதும் மாப்பிள்ளை” என்றார் மாமா.

சனி ஞாயிறில் போனாலும் குறைந்த செலவில் 18 குழி ஆடிவிடலாம். இந்த ஊர் கிளப்புகளின் உறுப்பினர் கட்டணத்தைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் இடம் கிடைக்காது. பல நாள் முன்னதாகவே காலை 6 மணிக்கு முன்பதிவைத் திறப்பார்கள். நான் மூன்று நாள் அலாரம் வைத்து எழுந்தேன். கண்ணைக் கசக்குவதற்குள் சனிக்கிழமை காலி. தரகர்கள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்த் தனியாக விற்கிறார்கள் என்று 2024ல் பெரிய கூச்சல் கிளம்பி, நகர நிர்வாகம் ஆளுக்கு 10 டாலர் திரும்பாத முன்பணம் வாங்க ஆரம்பித்தது. இதை நினைவில் வையுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

நம் ஆட்கள் இருக்கிற ஒரு அரட்டைக் குழுவில் ஒருவர் போட்டிருந்தார்: சனி காலை 7:36, நாலு பேர், ராஞ்சோ. கேட்டேன். “வணக்கம் அண்ணா, நல்லா இருக்கீங்களா?” என்று தமிழிலேயே பதில். ஆளுக்கு 40 டாலர், மைதானக் கட்டணம் அங்கே போய்க் கட்டிக்கொள்ளலாம். தரகரிடம் வாங்குவது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன், அதையும் மறைக்கவில்லை. இருந்தாலும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அவரே சொன்னார்: “அண்ணா, சிட்டி புதுசா ஆளுக்கு 10 டாலர் டெபாசிட் வாங்குறாங்க, அது தனி. இப்பவே சொல்லிடறேன், அப்புறம் நீங்க தப்பா நினைக்கக் கூடாது பாருங்க.”

அங்கேதான் விழுந்தேன். அந்த 10 டாலர் விஷயம் உண்மை, எனக்கும் தெரிந்தது. உண்மையை முந்திக்கொண்டு சொல்கிறவன் திருடனாக இருப்பானா? 160, அதோடு 40. மொத்தம் 200 டாலரைப் போனிலேயே அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் முன்பதிவு உறுதியான ஸ்கிரீன்ஷாட் வந்தது. மாமா அதை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

சனிக்கிழமை 6:50க்கே போய்விட்டோம். நான், மாமா, ஆபீஸ் நண்பர்கள் இருவர். மாமா இஸ்திரி போட்ட பேன்ட், ஊட்டித் தொப்பி. ஆட வருகிறவர்களை வரிசைப்படி உள்ளே அனுப்புகிற ஊழியர், அதாவது ஸ்டார்ட்டர், பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார். 7:36க்கு வேறு நாலு பேர் பெயர் இருந்தது. அந்த நாலு பேரும் எங்கள் பின்னாலேயே ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். “சிஸ்டம் பிரச்சனை ப்ரோ, 20 நிமிஷம் வெயிட் பண்ணுங்க.” முந்தின நாள் வரை அண்ணா, இப்போது ப்ரோ. 20 நிமிஷம் ஆனது. “கவுன்ட்டர்ல இருக்கிறவருக்குத் தெரியாது ப்ரோ, மேனேஜரைக் கேளுங்க.” மேனேஜரையும் கேட்டேன், அவர் பாவம், உதட்டைப் பிதுக்கினார். அப்புறம், “ரீஃபண்ட் திங்கள்கிழமை வரும் சார்.” சார்! அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். குழு அட்மினிடம் முறையிட்டால், “தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலுக்குக் குழு பொறுப்பில்லை” என்று ஒரு வரி, கூடவே ஒரு கும்பிடு எமோஜி. பணம் அனுப்பிய ஆப்காரர்களோ, நீங்களாகவே அனுப்பியதால் திருப்ப முடியாது என்கிறார்கள். வங்கியும் அதையே இன்னும் மரியாதையாகச் சொன்னது. 200 டாலர்.

ஸ்டார்ட்டர் நல்ல மனிதர். யாராவது வராமல் போனால் சேர்த்துவிடுகிறேன் என்று காத்திருப்போர் பட்டியலில் எழுதிக்கொண்டார். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தோம், யாரும் வராமல் போகவில்லை. கடைசியில் பக்கத்திலேயே இருக்கிற 9 குழி சின்ன மைதானத்தில் ஆடினோம். எல்லாம் மூன்று முறை அடித்து முடிக்கிற குழிகள். மாமா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “விடுங்க மாப்பிள்ளை, பால்மருக்கே பன்னெண்டு ஆச்சு” என்றார். அதுதான் இன்னும் எரிகிறது. புதன்கிழமை அவருக்கு விமானம்.

என்ன செய்யலாம் என்றால், தரகர் பக்கமே போகாதீர்கள். நகராட்சித் தளத்தில் உங்கள் பெயரில் இல்லாத பதிவு பதிவே இல்லை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், மைதானத்துக்கே போன் செய்து பெயரைக் கேளுங்கள், ஒரு நிமிஷ வேலை. தனியாளாக வார நாளில் போனால் எப்படியும் எங்கேயாவது சேர்த்துவிடுவார்கள். வேறென்ன சொல்ல, எனக்கே அவ்வளவுதான் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நண்பர் ஒன்று அனுப்பினார். அதே குழுவில் அதே ஆள், வருகிற சனிக்கிழமைக்கு 7:36 விற்கிறார். கூடவே ஸ்கிரீன்ஷாட். தேதி மட்டும் மாறியிருக்கிறது. மேலே மூலையில் போன் நேரம் 9:14, பேட்டரி 23 சதவீதம். எனக்கு வந்ததைத் திறந்து பார்த்தேன். 9:14, 23 சதவீதம்.